போகிற சர்க்கரை

முதலில் தேநீர்தான்.
வி.டி. நிலையத்துக்கு எதிரே
பதினோரு வருடமாய்க் குடிக்கிற அதே கட்டிங் சாயா,
அதே சிறிய கண்ணாடி டம்ளர், அதே ராம்சேவக்.
குடித்து நாற்பது நிமிடத்தில்
நெஞ்சு ரயிலைத் துரத்துகிற மாதிரி ஓடியது.
நானோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
உள்ளங்கை வியர்த்து
கஸ்டம்ஸ் தாளில் குத்திய முத்திரை
தலைகீழாய் என் கையிலும் பதிந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை கேசரி.
பிறகு எதிர்வீட்டு ஹேமாங்கினி பென் கொடுத்தனுப்பிய பருப்பு.
அதில் வெல்லம் இருப்பதை
நாக்குக்கு முன்பே பின்கழுத்து கண்டுபிடித்தது.

ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரத் தொடங்கியது:
பாவ் ரொட்டியில்
தக்காளி சாஸில்
இருமல் மருந்தில்.
உப்பு பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம்
எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்,
உப்புக்கு முன்னால் சர்க்கரை.
நாற்பத்து மூன்று வயதுவரை
நான் அதைத் திருப்பிப் பார்த்ததேயில்லை.

நாத்தனார் திண்டிவனத்திலிருந்து போனில்:
"உனக்குச் சர்க்கரை வந்துடுச்சாமே?"
வரவில்லை அண்ணி, போயிடுச்சு என்றேன்.
"என்னடி ஒளர்ற."
சரிதான்.
நம் பேச்சில் வருகிற சர்க்கரைக்கு
மாத்திரை உண்டு, கஞ்சி உண்டு,
காலையில் நடக்கப் பூங்கா உண்டு, துணைக்கு ஆள் உண்டு.
போகிற சர்க்கரைக்கு ஒரு சொல்கூட இல்லை.

டாக்டர் பட்வர்தன் மூன்று முறை ரத்தம் எடுத்தார்.
வெறும் வயிற்றில் ஒன்று,
சாப்பிட்டபின் ஒன்று,
சந்தேகத்துக்கு ஒன்று.
எல்லாம் கோட்டுக்குள்தான், ஒன்றுமில்லை என்றார்.
அந்த ஒன்றுமில்லையை நாலாக மடித்துக்
கைப்பையில் வைத்துக்கொண்டேன்.
வாசல்வரை வந்தபின் கூப்பிட்டுச் சொன்னார்:
சில உடம்புக்கு ஒரு வயதுக்கு மேல் ஒத்துக்கொள்ளாது.

என் உடம்பு ஒன்றை ஒத்துக்கொள்ளவில்லை
என்பதை நான் ஒத்துக்கொள்ள
எட்டு மாதம் பிடித்தது.

அதற்குள் மார்ச் முப்பத்தொன்று.
கணக்கு முடிகிற சாயங்காலம்
நீரஜ் பெட்டியோடு மேஜை மேஜையாய் வருகிறான்.
போன வருடம்வரை
வரி விகிதம் என்னிடம் கேட்டு எழுதியவன்,
நாளையிலிருந்து என் மேலாளர்.
"முதல் பேடா உங்களுக்குத்தான், சுகந்தி மேடம்."
ஹாலே பார்க்கிறது.
எவ்வளவோ விழுங்கியவள்,
ஒரு பேடாவுக்கா யோசிப்பது.
உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் என்றேன் தமிழில்.
புரியாமல் சிரித்தான்.

சிவ்ரி தாண்டும்போது வந்தது.
பெண்கள் பெட்டி, நாலாவது சீட்டு,
பாதி உடம்பு நடைபாதையில்.
காது சூடாகி, நெஞ்சு ஓடி, விரல் நடுங்கி...
கண்ணை மூடிக்கொண்டு
கணக்கர் புத்தியில் பிரித்துப் பார்த்தேன்:
பேடாவால் எவ்வளவு, நீரஜால் எவ்வளவு?
பிரிக்க வரவில்லை.
பாகில் விழுந்ததை எங்கே பிரிப்பது.

கிளிப் விற்கிற பெண் அட்டையை மடக்கிவிட்டுக் குனிந்தாள்.
"சுகர் குறைஞ்சிருக்கு மௌஷி" என்று இந்தியில் சொல்லி
ஒரு எலுமிச்சை மிட்டாயை
என் கைக்குள் திணித்து விரல்களை மூடினாள்.
பதினாறு வயதிருக்கும்.
அன்று அவளுக்கு என்ன வியாபாரம் ஆகியிருக்கும்?
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
வடாலாவில் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டாள்.
செம்பூர்வரை கையைத் திறக்கவில்லை.

மறுநாள் நீரஜ் பெட்டியைத் திறந்து காட்டினான்.
"ஒண்ணு மிச்சம் இருக்கு மேடம்."
வேண்டாம் என்றேன்.
காரணம் கேட்பான் என்று நின்றான்,
இல்லை, காரணம் சொல்வேன் என்று நின்றான்.
நான் முத்திரையை மையில் அழுத்தி
அடுத்த தாளை எடுத்தேன்.

மிட்டாய் என் இழுப்பறையில் இருக்கிறது,
காகிதம் பிரிக்காமல்.
மழைக்காலத்தில் கசிந்து
ஊசிப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.
பூட்டின் துளை வழியாக
எறும்புகள் வருகின்றன, போகின்றன.
தட்டிவிடுவதில்லை.
அவற்றுக்கு ஒத்துக்கொள்கிறது.